வின்சிலோ ஐயரும் அவர்தம் அகராதியும்

தமிழ்மொழிக்கு அகராதி செய்தளித்த மேனாட்டாருள் மைரன் வின்சிலோ என்பவரும் ஒருவர். இவர் அமெரிக்க நாட்டவர், கிறித்தவ போதகர், யாழ்ப்பாணத்து உடுவிலிலும் பின்னர்ச் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டையிலுமாக நாற்பத்துநான்கு ஆண்டுகள் வாழ்ந்தவர். அக்கால யாழ்ப்பாணத்தார் மேனாட்டுப் போதகரை 'ஐயர்' என்றே வழங்கினராதலின் நாமும் வின்சிலோ ஐயர் எனவே கூறுவாம். சைவத்தை வளர்த்தற்கென எழுந்த இந்துக் கல்லூரி ஒன்றின் மலரில், அச்சைவத்தை அழித்தற்கென வந்த ஒருவரைப் பற்றிக் கட்டுரை எதற்கு என்று வினவுவாரும் உளர். அவ்வினா நியாயமானதே. ஆயின், அழிக்க வந்தவர் எதனை ஆக்கினார் என்பதும், அவர் ஆக்கியது என்று நாம் கூறுவதில் நம் முன்னோர் பங்கு எவ்வளவு என்பதும் சரித்திரம் கற்போர் கேட்டேயாகவேண்டிய வினாக்களாம்.

முதற்கண், இவர் எந்த நெறியில் வந்தவர் என்பதை அறிதல்வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் எலிசபெத்து அரசியார் காலத்தில், ஆங்கிலத் திருச்சபை உரோமாபுரியின் சடங்குகளை முற்றாகக் களையவில்லை எனக் குறைகூறிய ஒரு சாரார் இருந்தனர். அவர்களுக்குப் பகைவர் இட்ட இகழ்ச்சிப் பெயரே பியூரித்தானியர் என்பது. தூய்மைக்காரர் என்பது அதன் கருத்து. உருவம், ஓவியம், ஆடம்பர வழிபாடு, அத்தியட்சர் ஆட்சி ஆகியவற்றை அவர்கள் வெறுத்தனர். வேதநூல் ஒன்றே பிரமாணம். அதனைப் படித்துப் பொருளுரைப்பதே வழிபாட்டின் உயிர். ஒவ்வொரு சபையும் தன் குருவைத் தானே தெரிந்துகொள்ளும் உரிமையுடையது என்றிவை அவர்தங் கொள்கைகள். 1620-இல் பிளிமதிலும், 1630-இல் பொஸ்ரனிலுமாக அவர்கள் அமெரிக்கக் கரையிற் குடியேறிப் 'புதிய இங்கிலாந்து' என்னும் நாட்டை அமைத்தனர். குடியேறி ஆறே ஆண்டில், 1636-இல், ஹாவாட் கல்லூரியைத் தொடங்கினர். ஐம்பது குடிகள் உள்ள ஊர் ஓர் எழுத்தாசிரியரை அமர்த்தவேண்டும், நூறு குடிகள் உள்ள ஊர் ஓர் இலக்கணப் பாடசாலையை நடத்தவேண்டும் என்று 1647-இல் மசாச்சுசெற்சிற் சட்டஞ் செய்தனர். எழுத்தறியாதவனைச் சாத்தான் எளிதில் ஏமாற்றிவிடுவான் என்பதே அச்சட்டத்திற்கு அவர்கள் கூறிய காரணம். காரணம் எதுவாயினும் ஆகுக. எழுத்தறிவைச் சமயக் கடமையாக்கிய அந்த நெறியே பின்னர் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் பாடசாலையாக முளைத்தது.

இந்நெறியில் முன்பே ஒருவர் அயன்மொழி ஒன்றைக் கற்று நூல் செய்திருந்தார். அவர் யோன் எலியட் (1604–1690) என்னும் பொஸ்ரன் பகுதிப் போதகர். அந்நாட்டுப் பழங்குடியாரின் மொழியைப் பயின்று, அதற்கு உரோம எழுத்தில் வரிவடிவந் தந்து, வேதாகமம் முழுவதையும் அம்மொழியிற் பெயர்த்து 1663-இல் அச்சிட்டார். அமெரிக்காவில் அச்சான முதல் வேதாகமம் அதுவே. 1666-இல் அம்மொழிக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். போரும் நோயும் நிலப்பறிப்பும் அம்மக்களை நசுக்க, நாளடைவில் அம்மொழியைப் பேசுவாரே இலராயினர். அண்மைக்காலத்தில் அவர் மரபினர் அதனை மீட்க முயல்கையில், எலியட் அச்சிட்ட நூலையே துணையாகக் கொள்கின்றனர். இதனை ஈண்டு விரித்ததற்குக் காரணம் உண்டு. எலியட் சென்ற இடத்தில் எழுத்தில்லை. இலக்கண நூல் இல்லை. ஆகவே அவர் ஆசிரியராய் இருந்தார். வின்சிலோ வந்த இடத்திலோ தொல்காப்பியமும் நன்னூலும் திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் இருந்தன; அவற்றை மனனஞ்செய்த புலவரும் இருந்தனர். இங்கே போதகர் மாணவராய் அமர வேண்டியதாயிற்று. இவ்வேறுபாட்டை மறந்து எழுதப்பட்ட மிசன் சரித்திரங்கள் பல.

வின்சிலோ 1789 டிசம்பர் 11-ஆம் நாள் வேர்மொண்ட் மாகாணத்து வில்லிஸ்ரன் என்னும் ஊரிற் பிறந்தார். மிடில்பெரிக் கல்லூரியில் 1815-இலும், அந்தோவர் இறையியற் கல்லூரியில் 1818-இலும் படிப்பை முடித்தார். சரித்திர ஆசிரியர் பலர் பியூரித்தானியர் காலம் பதினேழாம் நூற்றாண்டோடு முடிந்தது என்பர். அது பெயரளவிலேயே உண்மை. ஹாவாட் கல்லூரி பழைய நெறியினின்று வழுவிற்று என்று மனம் நொந்தவர்கள் 1807-இல் நிறுவியதே அந்தோவர். பழம் பியூரித்தானியரின் கண்டிப்பு முழுவதும் அங்கே குடிகொண்டிருந்தது. அம்மாணவர் சிலரின் ஆர்வத்தால் 1810-இல் அமெரிக்க மிசன் சங்கம் தோன்றியது. யாழ்ப்பாணத்திற்கு 1816-இல் வந்த டானியேல் பூர், மெயிக்ஸ், றிச்சட்ஸ், வாரன் என்னும் நால்வரும் இச்சங்கம் அனுப்பியவரே.

வின்சிலோ 1819-இல் ஹாரியட் லாத்ரொப் என்னும் அம்மையாரை மணந்தார். அவ்வாண்டிலேயே மிசன் வரலாறு குறித்த தம் முதல் நூலை அந்தோவரில் வெளியிட்டார். யூன் 8-ஆம் நாள் பொஸ்ரனில் 'இண்டஸ்' என்னுங் கப்பலேறினார். ஸ்போல்டிங், வூட்வேட், வைத்தியர் ஸ்கடர் ஆகியோர் உடன்வந்தனர். கல்கத்தா வழியாக இலங்கையை அடைந்து, 1820-இல் உடுவிலில் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. முப்பது வயதில் 'அரிச்சுவடி' தொடங்கியவர் என்பதை இன்று இரண்டாம் மொழி கற்க அஞ்சுகின்ற நம் மாணவர் கருதிப் பார்ப்பாராக.

அவர்களுக்குக் கிடைத்த உறைவிடங்கள் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் ஆண்டு கைவிட்ட, கூரையிழந்த கோவில்கள். ஆங்கில அரசும் அவர்களை முகமலர்ந்து வரவேற்கவில்லை. 1820-இல் அச்சுத்தொழில் வல்லவராகிய கறெற் என்பவர் வந்திறங்கியபோது, அவரை நாட்டைவிட்டு வெளியேறுமாறு அரசினர் பணித்தனர். அமெரிக்கர் புதிதாக எவரும் வரலாகாது என்ற அத்தடை 1833 வரை நீடித்தது. இத்தடையினால் முன்னரே வந்திருந்த சிலர்மேற் பெருஞ்சுமை வீழ்ந்தது.

போதகர் என்ற வகையில் வின்சிலோ ஐயரின் முறை பியூரித்தானியப் பிரசங்க முறையே. ஒரு வசனத்தை எடுத்துக்கொள்வது, சொற்பொருள் கூறுவது, அதிலிருந்து ஒரு கோட்பாட்டை நிறுவுவது, கேட்போன் நெஞ்சைத் தொட்டுப் பயனுரைப்பது என அது நடக்கும். இது யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. கோவிலில் ஒருவர் கந்தபுராணச் செய்யுளை வாசிக்க மற்றொருவர் பதம் பிரித்துப் பயன் சொல்லும் புராணபடனத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்தவர் அவர். ஆகவே போதகர் தமிழிற் பிழைவிட்டபோது அதனைக் கண்டுகொள்ளுஞ் செவி அவர்க்கு இருந்தது. மொழி திருந்தாமற் போதனை ஏறாது என்ற பாடத்தை மிசனாருக்குக் கற்பித்தவர் அந்தோவர்ப் பேராசிரியரல்லர். உடுவிலிலும் மானிப்பாயிலும் திண்ணையில் இருந்து கேட்ட நம் பாட்டன்மாரே எனலாம்.

ஹாரியட் அம்மையாரைக் கூறாது செல்லல் தகாது. அவர் 1824-இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை ஆசியாவின் மிகப் பழைய பெண்கள் விடுதிப் பாடசாலைகளுள் ஒன்றாக இன்றும் நிலவுகின்றது. தையல் கற்க வந்த சிறுமியர் இருவர் அடைமழையால் வீடு செல்லமாட்டாது ஓரிரவு அங்கே தங்கி உண்டனர் என்றும், அதுவே விடுதிக்கு வித்தாயிற்று என்றும் செவிவழிக் கதை ஒன்று உண்டு. அக்காலத்தில் அந்நியர் மனையில் உண்ணுதல் சிறு செயலன்று. பெண்ணுக்குக் கல்வி எதற்கு என்று கேட்ட ஊரில், படித்து முடித்த பெண்ணுக்கு மிசனார் சீதனமும் கொடுத்தனர். தூய நெறியினர் ஊர் வழக்கிற்கு இணங்கிய இடங்களுள் இதுவும் ஒன்று. இணங்காத இடங்களும் இருந்தன. விடுதி மாணவர்க்குப் பொருளுதவிய அமெரிக்கரின் பெயர்களையே அம்மாணவர்க்குச் சூட்டினர். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆணல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் பெயர்களைக் காண்கின்ற இக்கால மாணவர் திகைப்பர். தாய்தந்தையர் இட்ட பெயரை ஒரு தருமப்பணத்திற்கு ஈடாக மாற்றியதை எந்தக் காரணங்காட்டியும் நியாயப்படுத்த இயலாது என்பது எமது துணிபு.

அவர்களுடைய மகன் சார்ல்ஸ் கல்வியின்பொருட்டு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 1832-இல் அங்கே இறந்தான். அடுத்த ஆண்டு சனவரி 14-இல் உடுவிலில் ஹாரியட் அம்மையாரும் காலமானார். மனைவியின் கடிதங்களையும் நாட்குறிப்புக்களையும் தொகுத்து வின்சிலோ ஐயர் எழுதிய சரிதை 1835-இல் வெளிவந்தது; பலமுறை அச்சாயிற்று. நாட்குறிப்பு எழுதுதல் பியூரித்தானியர்க்குப் பொழுதுபோக்கன்று. அன்றன்று தன் நெஞ்சைத் தானே நீதிமன்றத்தில் நிறுத்தி விசாரிக்கும் சமயக் கடமை அது. எனவே அந்நூலிற் புகழுரையினும் தன்னாய்வே மிகுதி. அன்றியும் அக்கால உடுவிலின் வீட்டு வாழ்க்கை, நோய், கொள்ளைநோய்க் காலத்து அச்சம், பாடசாலைப் பிள்ளைகள் ஆகியவற்றை அறிய விரும்புவோர்க்கு அது ஒரு சுரங்கம். நம்மவரைப் பற்றி அதில் வரும் இரக்கம் கலந்த இழிவுரைகளைப் பொறுத்துக்கொண்டு படித்தல் வேண்டும். பின்னும் நான்கு முறை மணம் புரிந்த ஐயர், அவருள் மூவரையும் புதைத்தார். ஐந்தாவது மனைவியார் மட்டுமே அவருக்குப் பின்னும் உயிர்வாழ்ந்தவர். முதல் மனைவியாரின் மகளாகிய இளைய ஹாரியட், டலஸ் என்னும் போதகரை மணந்தார். அமெரிக்க வெளிநாட்டமைச்சராக 1953 முதல் 1959 வரை இருந்த யோன் பொஸ்ரர் டலஸ் அவ்வம்மையாரின் பேரனாவார். உடுவில் மண்ணுக்கும் வாசிங்ரன் மாநகருக்கும் இப்படியும் ஓர் உறவு.

1836-இல் ஐயர் சென்னைக்குச் சென்று சிந்தாதிரிப்பேட்டையில் அமெரிக்க மிசனை நிறுவினார். ஆங்கிலப் பாடசாலை நடத்தினார். வேதாகமத் தமிழைத் திருத்தும் பணியிலும் ஈடுபட்டார். 1855-இல் றூபஸ் அண்டர்சன் முதலிய தூதுக்குழுவினர் அமெரிக்காவிலிருந்து வந்து, ஆங்கிலம் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடுகின்றனரேயன்றி ஊழியத்தை நாடுகின்றிலர் என்று கண்டனர். சுதேச மொழியே போதும் என்பது அவர் முடிபு. அதன் பயனாக வட்டுக்கோட்டைச் செமினரி அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. மறு ஆண்டில் நியூயோர்க்கில் ஐயர் வெளியிட்ட 'இந்திய மிசன்களைப் பற்றிய குறிப்புக்கள்' என்னும் நூல் அக்குழுவினரின் நடவடிக்கைகளையும் எடுத்து ஆராய்கின்றது. ஒன்று இங்கே சிந்திக்கத் தக்கது. தமிழ் மட்டும் போதும் என்றவர் தமிழறியாத அண்டர்சன். தமிழ்ச் சொற்களுடன் நாள்தோறும் போராடிக்கொண்டிருந்த வின்சிலோவோ ஆங்கிலப் பாடசாலை நடத்தியவர். மொழிப்பற்று எப்போதும் ஒரே வடிவில் வருவதில்லை.

இனி அகராதியைக் கூறுவாம். நிகண்டு கற்ற நம் முன்னோர்க்குச் சொல் தேட வேண்டிய தேவையே இல்லை. செய்யுள் நெஞ்சில் இருந்தது. நெஞ்சில் நிகண்டில்லாத அயலார்க்கே அகரவரிசை வேண்டும். வீரமாமுனிவரின் சதுரகராதி, பப்ரிசியசின் அகராதி, றொட்லரின் அகராதி என அவ்வரிசை வளர்ந்தது. நல்லூரில் இருந்த ஆங்கிலத் திருச்சபைப் போதகர் யோசேப்பு நைற் தமிழ்ப் புலவர் துணையோடு பெருந்தொகையாகச் சொற்களைத் திரட்டினார். அத்திரட்டினை ஒட்டியும் தொடர்ந்தும் மூன்று நூல்கள் பிறந்தன. முதலாவது, சந்திரசேகர பண்டிதர் தொகுக்க 1842-இல் மானிப்பாயில் அச்சாகிய தமிழ் அகராதி. ஏறத்தாழ 58,500 சொற்கள் கொண்டது. மானிப்பாய் அகராதி, யாழ்ப்பாண அகராதி எனவும் வழங்குவது. இரண்டாவது, நைற் இறந்தபின் ஸ்போல்டிங் முடித்த ஆங்கில-தமிழ் அகராதி. மூன்றாவதாகிய தமிழ்-ஆங்கில அகராதிப் பணி வின்சிலோவின் சகலராகிய ஹட்சிங்ஸ் கையிற் சென்று, அவர் உடல்நலங் குன்றித் தாய்நாடு திரும்பவே, வின்சிலோவிடம் வந்து சேர்ந்தது. போதனை, பாடசாலை, மிசன் கணக்கு ஆகியவற்றிடையே ஆண்டாண்டாக உழைத்து 1862-இல் அதனை நிறைவேற்றினார். சிறிய தெளிந்த தமிழ் எழுத்துக்களை வார்ப்பித்த ஹண்ட் என்பார் சென்னை அமெரிக்க மிசன் அச்சகத்தில் அதனைப் பதித்தார். ஏறத்தாழ ஆயிரம் பக்கம், 67,452 சொற்கள்.

செந்தமிழ், கொடுந்தமிழ் இரண்டையும் அது ஒருங்கே கொண்டது. நூற்சொல்லும் வேண்டும், சந்தைச்சொல்லும் வேண்டும் என்பது போதகனின் தேவை. ஏனெனின் அவன் புலவனோடு வாதிடவும் வேண்டும், உழவனோடு பேசவும் வேண்டும். சோதிடம், வைத்தியம், தாவரப்பெயர், அரசாங்க வழக்கு எனப் பலதுறைச் சொற்களும் தேவர், முனிவர், புலவர், வீரர் பெயர்களும் அதில் இடம்பெற்றன. ஈண்டுத்தான் நாம் முதலிற் கேட்ட வினா கூர்மையடைகின்றது. உருவ வழிபாட்டை ஒழிக்க வந்த நெறியினர் ஒருவர், ஆகமம், புராணம், தத்துவம் முதலிய சொற்களுக்கு விரிவான விளக்கம் எழுதி அமைத்திருக்கின்றார். எதிரியின் கோட்டையை அளந்து வைப்பதே நோக்கம் என்று கூறலாம். அது பெரும்பாலும் உண்மையுமாம். வட்டுக்கோட்டைச் செமினரித் தலைவராயிருந்த ஹொய்சிங்ரன் சிவஞானபோதத்தையும் சிவப்பிரகாசத்தையும் 1854-இல் ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிட்டதற்கும் அத்தகைய நோக்கம் உண்டு. ஆயினும் அகராதிக்கு ஓர் இயல்பு உண்டு. பிரசங்கத்தில் விரும்பாத சொல்லை விட்டுவிடலாம். அகராதியில் விட இயலாது. அகரவரிசையில் சிவனுக்கு உரிய இடம் சிவனுக்கே. சொல்லுக்குச் சொல் உண்மையாயிருத்தல் வேண்டும் என்ற பியூரித்தானியக் கண்டிப்பு, வேதநூலுக்கென வளர்க்கப்பட்டது, இங்கே தமிழ்ச்சொல் ஒவ்வொன்றிற்கும் செலவாயிற்று. அவர் மனத்திற் கருதியதன்று இது. கையிற் கொண்ட வேலை செய்வித்தது.

மற்றைய வினா, யாருடைய உழைப்பு என்பது. தலைப்பேட்டில் ஆசிரியராக நிற்பது வின்சிலோ பெயரே. நைற் கைப்படத் திரட்டியதும், சந்திரசேகர பண்டிதர் தொகுத்ததும், சென்னையில் இராமாநுச கவிராயர் முதலிய புலவர் நோக்கித் திருத்தியதும் உள்ளே கலந்துள்ளன. கவிராயர் சாதாரணரல்லர், துறூ போதகர் திருக்குறளை ஆங்கிலப்படுத்தத் துணைநின்றவர், போப் ஐயருக்குத் தமிழ் கற்பித்தவர். இத்தகைய புலவர் மாதச் சம்பளத்திற்கு முனிசி வேலை பார்த்தவர் என்று சில நூல்களில் ஓர் அடிக்குறிப்பாகக் குறுகிப் போகின்றனர். சைவப் புலவன் ஒருவன் சொல்லிக்கொடுக்க, அதனைக் கொண்டு சைவத்தைக் கண்டிக்கும் நூல் எழுதப்பட்ட காலம் அது. அப்புலவர் நெஞ்சில் என்ன நிகழ்ந்தது என்பதை எவரும் நாட்குறிப்பில் எழுதிவைக்கவில்லை. நம் பக்கத்தில் அவ்வழக்கம் இல்லாமையால், அக்கதையின் ஒரு பாதியே நமக்குக் கிடைத்தது.

ஆயின் விடை வேறுவழியில் வந்தது. பெர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பில் உடனிருந்து உழைத்த ஆறுமுகநாவலர், 1848-இல் வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை தொடங்கி, மறு ஆண்டில் அச்சியந்திரம் நிறுவி, 1854-இற் சைவதூஷண பரிகாரம் எழுதினார். பாடசாலை, அச்சு, உரைநடை, பிரசங்கம் என்னும் நான்கு கருவிகளையும் மிசனார் பிடித்த கைப்பிடியிலேயே பிடித்து அவர் திருப்பினார். செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை இருவரும் 1857-இற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளையே தொல்காப்பியமும் கலித்தொகையும் ஏட்டிலிருந்து அச்சேறச் செய்தவர். அமெரிக்கத் தருமப்பணம் இவ்வாறெல்லாம் செலவாகும் என்று பொஸ்ரனிற் காசு கொடுத்தவர் கனவிலும் கருதியிரார்.

வின்சிலோ ஐயர் அகராதி வெளிவந்து ஈராண்டில், நோயுற்றுத் தாய்நாடு திரும்பும் வழியில், நன்னம்பிக்கை முனையில் 1864 ஒக்டோபர் 22-இற் காலமானார்.

நம் கீழ்க்கரைக்கு இம்மிசனார் வந்திலர். மட்டக்களப்புக்கு 1814-இல் வந்தவர் உவெஸ்லியன் சபையைச் சேர்ந்த வில்லியம் ஓல்ட். வந்து ஓராண்டும் நிரம்புமுன் 1815-இல் இறந்தார். அச்சபையார் கல்முனையில் வைத்த பாடசாலையிலேயே காரைதீவுச் சிறுவரொருவர் பயின்று, பின்னர் விபுலானந்த அடிகளானார் என்பதை இப்பகுதியார் அறிவர். வின்சிலோ அகராதியின் செவி யாழ்ப்பாணத்திலும் சென்னையிலுமே இருந்தது. சவளக்கடை வயலிலும் கல்முனைக் கடைத்தெருவிலும் தமிழரும் முசிலிம்களும் ஒருங்கு வழங்கும் சொற்களுக்கு அதிற் கிடைத்த இடம் சிறிது. வித்துவான் வீ. சீ. கந்தையா 1964-இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' அக்குறையை ஓரளவு நிரப்பிற்று. செய்யவேண்டுவது இன்னும் உளது.

சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதிப் பணி, வின்சிலோ அகராதியைத் திருத்தி விரிக்கும் எண்ணத்திலிருந்தே கிளைத்தது. 1913-இல் அதற்குப் பதிப்பாசிரியராய் அமர்ந்த சாண்ட்லர், யாழ்ப்பாண மிசனின் கிளையாகிய மதுரை அமெரிக்க மிசனைச் சேர்ந்தவர். பின்னர் எஸ். வையாபுரிப்பிள்ளை தலைமையில் அது நிறைவெய்தி, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகவும், 1939-இல் அநுபந்தமாகவும் வெளிவந்தது. அதன் பக்கங்களிற் பல சொற்களின் அருகே பிறைக்குறிக்குள் ஆங்கில எழுத்தொன்று தனித்து நிற்கும். அது வின்சிலோவைக் குறிக்கும் எழுத்து. வேறு சில சொற்களின் அருகே நிற்கும் மற்றோர் எழுத்து யாழ்ப்பாண வழக்கைக் குறிக்கும். நைற் திரட்டிற்குச் சொல் கொடுத்த நல்லூர்ப் புலவரைக் குறிக்கத் தனியெழுத்து யாதும் இல்லை.